சாவி, பிளக், பாடவேளை: வகுப்பறைத் தொழில்நுட்பம் நிலைக்கும் பள்ளிகளில் நடப்பவை

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கருவியே இல்லை என்ற குறை இப்போது முன்பு போல இல்லை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்ற கணினி ஆய்வகம் இருக்கிறது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் இருந்து பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியீடு அச்சாகிறது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் மணற்கேணி செயலி என்று பாடக் காணொலிகளும் குவிந்துவிட்டன. ஆனாலும் ஒரே ஒன்றியத்தில் ஒரே மாதிரிக் கருவி பெற்ற இரண்டு பள்ளிகளில் ஒன்றில் ப்ரொஜெக்டர் தினமும் ஓடும், இன்னொன்றில் உறைகூடப் பிரிக்காமல் பீரோவில் கிடக்கும். ஆசிரியர்களின் திறமையில் அந்த வித்தியாசத்தைத் தேடிப் பயனில்லை. தலைமையாசிரியர் எடுத்த, அல்லது எடுக்காமல் விட்ட, சில சிறு முடிவுகளில்தான் அது இருக்கிறது.

முதல் முடிவு பீரோச் சாவியைப் பற்றியது. அரசு கொடுத்த பொருள் காணாமல் போனாலோ உடைந்தாலோ தணிக்கையில் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம் நியாயமானது, அதைக் கேலி செய்யக் கூடாது. பயத்தைத் தீர்க்கும் வழி பூட்டி வைப்பதல்ல, எழுதி வைப்பது. இருப்புப் பதிவேட்டில் கருவியின் பெயர், வரிசை எண், வந்த தேதி, உடன் வந்த ரிமோட், பவர் கார்டு, ஹெச்டிஎம்ஐ கேபிள் ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக ஏற வேண்டும். ‘ப்ரொஜெக்டர் 1 செட்’ என்று ஒரே வரியில் எழுதிய பள்ளிகளில் ரிமோட் தொலைந்ததே யாருக்கும் தெரிவதில்லை. அதோடு தனியாக ஒரு வழங்கல் நோட்டு வேண்டும்: எடுத்தவர், எடுத்த நேரம், திருப்பிய நேரம், ‘நன்றாக வேலை செய்தது’ அல்லது ‘படம் மஞ்சளாகத் தெரிகிறது’ என்று ஒரு குறிப்பு. சாவி இரண்டு இருக்கட்டும். ஒன்று தலைமையாசிரியரிடம், மற்றது பெரும்பாலும் விடுப்பெடுக்காத ஓர் ஆசிரியரிடம். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போன நாளில் பீரோ திறக்காது என்றால் வாரத்தில் ஒரு நாளாவது பாடம் போகும். அப்படி இரண்டு முறை நடந்தால் ஆசிரியர் மூன்றாம் முறை கேட்கவே மாட்டார்.

அடுத்தது நேரம். ஒரு பாடவேளை 40 அல்லது 45 நிமிடம். ப்ரொஜெக்டரைத் தூக்கி வந்து, மேசை போட்டு, வயர் இழுத்து, படம் நேராக்கி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். கழற்றி வைக்க இன்னொரு ஐந்து. மீதி இருப்பதில் எந்த ஆசிரியர் பாடம் நடத்துவார்? ஆகவே கருவி வகுப்புக்குப் போகக் கூடாது, வகுப்பு கருவியிடம் வர வேண்டும். ஓர் அறையை நிரந்தரமாக ஒதுக்கி, கால அட்டவணையிலேயே ‘எட்டாம் வகுப்பு அறிவியல், செவ்வாய் மூன்றாம் பாடவேளை, திரை அறை’ என்று அச்சிட்டு ஒட்டிவிட வேண்டும். ‘தேவைப்படுபவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்’ என்ற ஏற்பாடு கேட்கத் தயங்காத இரண்டு பேருக்கு மட்டுமே உதவும். அட்டவணையில் இடம் கிடைத்தால் தயங்குகிறவரும் தயார் செய்துகொண்டு வருவார்.

அறை, கரண்ட், தூசி

அறை தேர்ந்தெடுக்கும்போது ஜன்னலைப் பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் திரை இருந்தால் பகலில் படம் வெளிறிப் போகும். ஜன்னல் இருக்கும் சுவரிலேயே திரையை வைத்தால் பிள்ளைகளின் கண் கூசும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவர்தான் சரி. சாதாரண ப்ரொஜெக்டர் 80 அங்குலப் படம் காட்ட ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்றேகால் மீட்டர் தூரம் கேட்கும். ஷார்ட் த்ரோ வகைக்கு ஒரு மீட்டருக்குள் போதும், ஆசிரியரின் நிழலும் திரையில் குறைவாகவே விழும். திரையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தால்தான் முன்வரிசைத் தலைகளுக்கு மேலே கடைசி வரிசைக்குத் தெரியும். படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 80 அங்குலப் படத்தின் உயரம் ஒரு மீட்டரை ஒட்டி வரும், அப்படியென்றால் ஆறு மீட்டர். நம் வகுப்பறையின் கடைசி பெஞ்ச் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஸ்லைடில் 28க்குக் குறைந்த எழுத்தளவு வேண்டாம். பாடநூல் பக்கத்தை அப்படியே படமெடுத்துத் திரையில் போடுவதும் வேண்டாம்.

ஒலியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் மிகச் சிறியது. நாற்பது பிள்ளைகள், ஓடும் மின்விசிறி, பக்கத்து அறையின் வாய்ப்பாடு எல்லாவற்றையும் தாண்டி அது கேட்காது. தனி ஸ்பீக்கர் ஒன்றைத் திரையின் பக்கத்தில் வையுங்கள், ஆசிரியர் மேசையில் வேண்டாம். ஹெச்டிஎம்ஐ செருகியதும் மடிக்கணினியின் ஒலி தானாகவே ப்ரொஜெக்டருக்கு மாறிவிடும். ‘சத்தம் வரவில்லை’ என்ற புகாரில் பெரும்பாதி இதுதான். கணினியில் ஒலி வெளியீட்டைத் திரும்ப ஸ்பீக்கருக்கு மாற்றினால் சரியாகும். படமே வரவில்லையென்றால் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி, இரு திரையிலும் ஒரே படம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹெச்டிஎம்ஐ கேபிள் ஐந்து மீட்டருக்குள் இருந்தால் நல்லது. பத்து மீட்டரைத் தாண்டிய மலிவுக் கேபிளில் படம் விட்டுவிட்டு வரும்.

விளக்கு வைத்த ப்ரொஜெக்டரை அணைத்தவுடன் பிளக்கைப் பிடுங்கக் கூடாது. உள்ளே விசிறி ஓடி விளக்கைக் குளிர வைத்து நிற்கும் வரை ஓரிரு நிமிடம் பொறுக்க வேண்டும். மணி அடித்ததும் அவசரமாகப் பிடுங்குவதே பல விளக்குகள் ஆயுளுக்கு முன்பே போகக் காரணம். காற்று வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தூசி தட்டுங்கள். வடிகட்டி அடைத்தால் கருவி சூடேறித் தானாக அணையும், அதைப் பழுது என்று எண்ணி மெக்கானிக்கைத் தேடுவார்கள். திரை அறையில் கரும்பலகை இருந்தால் ஈரத் துணியால் துடைப்பது நல்லது. சாக்பீஸ் தூள்தான் இந்தக் கருவிகளுக்கு முதல் எதிரி.

யூபிஎஸ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இது நடக்கிறது. ஏப்ரல் கடைசியில் பள்ளியைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள். பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும். லெட்-ஆசிட் பேட்டரி சார்ஜ் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. விடுமுறையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது வந்து நாலைந்து மணி நேரம் சார்ஜில் போட்டுவிட்டுப் போனால் போதும். நீர் ஊற்றும் வகை பேட்டரியானால் மட்டத்தைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. வயர்களைப் பைப்புக்குள் விட்டு ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். லேபில் சாப்பாடு வேண்டாம். எலிக்கு வயர் பிடிக்கிறதோ இல்லையோ, சோற்றுப் பருக்கைக்காக வந்த எலி வயரையும் கடித்துவிட்டுத்தான் போகும்.

பாடத்தில் எங்கே வைப்பது

பத்து நிமிடக் காணொலியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடவிட்டால் அது பாடமாகாது. இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ‘அடுத்து என்ன ஆகும்?’ என்று கேட்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதை முந்தின நாளே பார்த்து, பாடக்குறிப்பில் நிமிடக் கணக்கோடு எழுதிக்கொண்டால் கை தடுமாறாது. காணொலியை முன்கூட்டியே பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். ஓரளவு தெளிவான பத்து நிமிடக் காணொலி 100 எம்பியைத் தாண்டும். வகுப்பின் நடுவே கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் அது சுற்றிக்கொண்டிருக்கும் இரண்டு நிமிடத்தில் பின்வரிசை கைவிட்டுப் போய்விடும்.

கருவி எங்கே உண்மையாகக் கைகொடுக்கிறது என்பதற்கு மின்சுற்றுப் பாடம் நல்ல உதாரணம். தொடரிணைப்பில் இரண்டு பல்புகளை வைத்து, எதில் மின்னோட்டம் அதிகம் என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் ‘முதல் பல்பில்தான் சார், அது கொஞ்சம் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத்தான் அடுத்ததுக்கு விடும்’ என்பார்கள். மின்னோட்டம் வழியிலேயே செலவாகிவிடும் என்ற இந்த எண்ணம் மிக ஆழமானது. ‘தவறு’ என்று சொல்வதால் போகாது. கொலராடோ பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கிய ஃபெட் சிமுலேஷன்களில், அதாவது திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் நிரல்களில், மின்சுற்று அமைக்கும் ஒன்று இருக்கிறது. ஃபெட்டை இணையமில்லாமலும் ஓட்டலாம், ஒற்றைக் கோப்பாக இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொண்டால் போதும். அதில் 9 வோல்ட் பேட்டரி, 10 ஓம் பல்புகள் இரண்டு, அம்மீட்டர் ஒன்று. எல்லோரையும் முதலில் சிலேட்டிலோ நோட்டிலோ தங்கள் கணிப்பை எழுதச் சொல்லுங்கள். பிறகு அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வையுங்கள்: 0.45 ஆம்பியர். இரண்டு பல்புகளுக்கும் நடுவில் வையுங்கள்: 0.45. கடைசியில் வையுங்கள்: 0.45. வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அந்த நேரத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். மூன்றாவது பல்பைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். 0.30 வந்ததும், எங்கே வைத்தாலும் அதே 0.30 என்பதையும் அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.

ஆனால் இதற்கு முன்னால் உண்மையான பேட்டரியும் டார்ச் பல்பும் பிள்ளைகளின் கையில் இருந்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய டார்ச் பல்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை, தொடரில் போட்டால் ஒன்று பிரகாசமாகவும் ஒன்று மங்கலாகவும் எரியும். ‘பாருங்க சார், இரண்டாவது பல்புக்குக் குறைவுதான்’ என்று பிள்ளைகள் தங்கள் கருத்துக்கு அதையே சாட்சியாக்குவார்கள். அப்போது இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். மங்கலான பல்பு முதலிடத்துக்கு வந்தும் மங்கலாகவே எரிந்தால் காரணம் இடமல்ல, பல்பு என்று புரிந்துவிடும். கையால் செய்வது முதலில், திரை அதன் பிறகு. கண்ணுக்குத் தெரியாததைக் காட்டத்தான் திரை. விதை முளைப்பதையும் எலுமிச்சைச் சாற்றில் லிட்மஸ் நிறம் மாறுவதையும் காணொலியில் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஆசிரியர்கள் கற்பது எப்படி

ஒரு நாள் பயிற்சிக்குப் போய் பன்னிரண்டு செயலிகளின் பெயரோடு திரும்பி வருவதால் யாரும் எதையும் கற்பதில்லை. பள்ளிக்குள்ளேயே வாரம் ஒருமுறை, அரைமணி நேரம், ஒரே ஒரு விஷயம் என்பது வேலை செய்கிறது. இந்த வாரம் காணொலியைப் பதிவிறக்குவது மட்டும், அடுத்த வாரம் வினாத்தாளைத் தமிழில் தட்டச்சு செய்வது மட்டும். இதில் ஒரு விதி தேவை: தெரிந்தவர் மவுஸைத் தொடக் கூடாது. கற்பவரின் கையில்தான் மவுஸ் இருக்க வேண்டும், தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும். ‘கொடுங்க, நான் செஞ்சு தர்றேன்’ என்று ஒருமுறை வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் அவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். ஓய்வுபெற மூன்று, நான்கு ஆண்டே இருக்கும் மூத்த ஆசிரியரை இளைய ஆசிரியரோடு இணைத்துவிடுங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்பது மூத்தவருக்குத் தெரியும், அதற்கேற்ற காணொலியைத் தேடி எடுப்பது இளையவருக்கு எளிது. பிள்ளைகள் முன்னால் ‘ஐயாவுக்குக் கம்ப்யூட்டர் வராது’ என்ற பேச்சு எழாமல் பார்த்துக்கொள்வது தலைமையாசிரியரின் கடமை. தலைமையாசிரியரும் அந்த அரைமணி நேரத்தில் உட்கார்ந்து கற்க வேண்டும், அறிவித்துவிட்டு அலுவலக அறைக்குப் போகக் கூடாது.

வினாத்தாள் பற்றிச் சொன்னேன். ஒருவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பியது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் திறக்கும். தேர்வுக்கு முந்தின நாள் மாலையில் இது எத்தனை பேரை அலைக்கழித்திருக்கிறது! பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் இந்தக் கோளாறு. யூனிகோடில் தட்டச்சு செய்தால் எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழாகவே திறக்கும். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. விசைப்பலகைக்கு 1999இல் அரசு ஏற்ற தமிழ்99 இருக்கிறது: உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். தினமும் கால்மணி நேரம் பழகினால் சில வாரங்களில் கை ஓடும். அதுவும் சிரமமானால் கைப்பேசியில் பேசியே தமிழில் தட்டச்சு செய்யலாம். ஆனால் ஒற்று மிகும் இடங்களையும் ல, ள, ழவையும் கண்ணால் ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பள்ளியின் பழைய வினாத்தாள்களையெல்லாம் ஒரு விடுமுறையில் மாற்றி வைத்துவிட்டால் நெடுநாள் கவலை தீரும்.

வகுப்பைப் பார்வையிடும்போது தலைமையாசிரியர் எதைக் கவனிக்கிறாரோ அதுதான் பள்ளியில் வளரும். ‘ப்ரொஜெக்டர் போட்டீர்களா, போட்டோ அனுப்புங்கள்’ என்று கேட்டால் போட்டோவுக்காகப் போட்டு, எடுத்ததும் அணைத்துவிடுவார்கள். பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள், நோட்டில் என்ன எழுதினார்கள் என்று கேட்டால் ஆசிரியரின் கவனமும் அங்கே போகும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். 2023ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகளாகவே கருதுகிறது, அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் சேர்க்கைப் படிவத்தோடு ஓர் ஒப்புதல் கடிதமும் வாங்கி வைப்பது நல்ல பழக்கம்.

எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையத் தகவல் தளத்தில் ஏற்ற வேண்டிய வருகைப்பதிவும் படிவங்களும் முதல் பாடவேளையைத் தின்றுவிடுகின்றன என்பது எல்லாப் பள்ளியிலும் கேட்கும் குரல். வேலையை முற்றிலும் குறைப்பது பள்ளியின் கையில் இல்லை, பிரிப்பது இருக்கிறது. எந்தப் படிவம் யாருக்கு, எந்தக் கிழமைக்குள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் கணினி தெரிந்த ஒரே ஆசிரியர் மீது எல்லாம் விழாது. நன்றாகச் செய்கிறவருக்கே எல்லாவற்றையும் கொடுத்தால் அவர் வகுப்புத்தான் முதலில் காலியாகும்.

மாணவர் அணி ஒன்றை அமையுங்கள். கேரளத்தில் 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற பெயரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தொழில்நுட்ப மன்றங்களே நடக்கின்றன. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாவிட்டாலும் வகுப்புக்கு நான்கு பேர் போதும், அதில் இருவர் பெண் பிள்ளைகளாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பையன்கள் மட்டுமே வயரைத் தொடுவார்கள், பெண் பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். பருவத்துக்கு ஒருமுறை அணி மாறட்டும். கேபிள் செருகுவது, ஒலி பார்ப்பது, வழங்கல் நோட்டு எழுதுவது அவர்கள் வேலை. சுவரில் உள்ள மின் பிளக், யூபிஎஸ், பேட்டரி ஆகியவற்றைத் தொடுவது ஆசிரியர் மட்டுமே.

பழுதுக்குப் பணம் எங்கே என்றால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் இருக்கிறது. 101 முதல் 250 மாணவர் வரை 50,000 ரூபாய், 251 முதல் 1,000 வரை 75,000 ரூபாய் என்பது திட்டத்தின் அளவு. பழுதான கருவியை மாற்றுவதும் இணையக் கட்டணமும் அதில் அடங்கும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். எந்தக் கருவி ஏன் நிற்கிறது என்பதைக் கூட்டத்தில் நேரில் காட்டித் தீர்மானம் எழுதிச் செலவு செய்தால் தணிக்கையிலும் தடை வராது. குழுவில் ஓர் எலக்ட்ரீஷியன் பெற்றோர் இருந்தால் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரைவிட யார் வேண்டும்? வாரண்டி இருக்கும்போது மட்டும் வெளியாளை வைத்துத் திறக்கக் கூடாது. புகார் எண்ணை வாங்கி, தேதியோடு பதிவேட்டில் எழுதி, ஏழாம் நாள் மறுபடி கூப்பிடுங்கள்.

கடைசியாக, பணியிட மாறுதல். பள்ளியின் கைக்கணினியை (டேப்லெட்) முதலில் திறந்த ஆசிரியர் தன் சொந்த ஜிமெயிலைப் போட்டிருப்பார். அவர் வேறு மாவட்டத்துக்குப் போனபின் யாராவது அதை ரீசெட் செய்தால் ஆண்ட்ராய்டு பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அது தெரியாமல் உள்ளே போக முடியாது, கருவி செங்கல்லாகக் கிடக்கும். பள்ளியின் பெயரில் ஒரு மின்னஞ்சல் தொடங்கி அதையே எல்லாக் கருவியிலும் போடுங்கள். மீட்பு எண் தலைமையாசிரியரின் சொந்த எண்ணாக இல்லாமல் பள்ளியின் எண்ணாக இருக்கட்டும். பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே கையொப்பமிட்டுப் பீரோவில் வையுங்கள். மாறுதலில் போகிறவர் பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் ஆய்வகச் சாவி, வழங்கல் நோட்டு, பாஸ்வேர்டு உறை, புகார் எண்கள் ஆகியவற்றை ஒப்படைப்புப் பட்டியலில் ஏற்றி, புதியவர் முன்னாலேயே ஒவ்வொரு கருவியையும் ஒருமுறை இயக்கிக் காட்டி, தன் சொந்தக் கணக்கை நீக்கிவிட்டுக் கையொப்பமிட வேண்டும்.